ஊறப்போட்ட பல்செட்டுகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டதால் எழுதுகிறேன். இதிலும் ஒரு வசதி இருக்கிறது. போனில் என்றால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததற்குப் பதில் சொல்லிவிடுவாய்.

அன்று உன் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நான் பேசியது தப்புதான். பேசிய விஷயம் தப்பில்லை, பேசிய இடம் தப்பு. "என்னக்கா, எல்லார் பல்செட்டும் இப்படி நாறுது, வார்டனா இருந்து நீ என்னதான் பாக்குற?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. உன் நிர்வாகி வேறு கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பல் மருத்துவக் கல்லூரியில் நாள் பூராவும் அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவளுக்கு, எதை எங்கே பேசுவது என்பதே மறந்துபோகிறது. மன்னித்துக்கொள்.

இப்போது ஓர் உதவி கேட்கப் போகிறேன். மன்னிப்புக் கேட்டதே இதற்காகத்தான் என்று நினைப்பாய். பாதி அப்படித்தான்.

பல்செட்டின் உள்பக்கம், அது மேல் அண்ணத்தோடு ஒட்டும் இடத்தில், பூஞ்சை பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் அண்ணம் புண்ணாட்டம் சிவந்து கிடக்கும். அதைச் சுத்தம் செய்யக் கடையில் மாத்திரை விற்கிறது. தண்ணீரில் போட்டால் நுரைக்கும், அதில் பல்செட்டை ஊறவைக்க வேண்டும். நான் கிராம்பும் பட்டையும் வேம்பும் சேர்த்து ஒரு பொடி செய்திருக்கிறேன். அதையும் கரைத்து அதேபோல ஊறவைக்கலாம். இரண்டில் எது பூஞ்சையை நன்றாக அடக்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. எங்கள் துறைத் தலைவர் பொடியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சமையல் பண்ணப் போறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன், அதுதான் இன்னும் வலிக்கிறது.

உன் இல்லத்தில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்குப் பொடி. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை நானே வந்து பல்செட்டின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துப்போவேன். ஆய்வுக்கூடத்தில் தட்டில் தடவி வைத்தால் எவ்வளவு பூஞ்சை முளைக்கிறது என்று தெரிந்துவிடும். கல்லூரி அனுமதி கொடுத்துவிட்டது. பெரியவர்களிடம் நானே பேசிச் சம்மதம் வாங்குகிறேன். நீ சரி என்றால் போதும்.

உன் தங்கை

ஜனவரி 20

அடியே வாயாடி,

பாதிதான் மன்னிப்பு என்று நீயே சொல்லிவிட்டாய். நானும் பாதிதான் மன்னித்திருக்கிறேன்.

நீ பாட்டுக்குப் பேசிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். இங்கே என் மானம் கப்பலேறியதை நீ பார்க்கவில்லை. மறுநாள் நிர்வாகி என் அறைக்கு வந்தார். "கூடப் பொறந்தவங்களே சொல்றாங்கன்னா..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. முடித்திருந்தாலாவது நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது இரண்டு மூன்று பேர் கையால் வாயை மூடிக்கொண்டு மென்றார்கள். அதைப் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. படுக்கை மாற்றி, மருந்து கொடுத்து, மின்விசிறிச் சண்டை தீர்த்து, இதற்கு நடுவில் ஒவ்வொருவர் வாயையும் முகர்ந்து பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை. உண்மைதான்.

ஆனால் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதே. கணக்கு டீச்சரை உனக்குத் தெரியுமல்லவா, மாடியில் ஜன்னலோர அறை. அவர் பல்செட்டைத் தேய்ப்பதை நீ வந்து பார்க்க வேண்டும். குழாயடியில் நிமிர்ந்து நின்று, உள்ளே வெளியே ஓரம் என்று வரிசை தப்பாமல் தேய்த்துவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்வார். நீ பேசிய அன்று அவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். "உங்க தங்கச்சி என்னையும் சேத்துதான் சொன்னாங்களா?" என்று என்னிடம் தனியாக வந்து கேட்டார். "ஐயோ, உங்களைச் சொல்வாளா டீச்சர்" என்று சமாளித்தேன்.

வந்து உன் ஆராய்ச்சியை நடத்து. ஒரே நிபந்தனை. 'நாறுது' என்ற சொல் இந்தக் கட்டடத்துக்குள் உன் வாயிலிருந்து இன்னொரு தடவை வரக் கூடாது.

அக்கா

மார்ச் 28

அக்கா! என் தங்கமே!

போன வாரம் உன் இல்லத்திலிருந்து எடுத்துவந்த பஞ்சுக்குச்சிகளின் முடிவு வந்துவிட்டது. மாத்திரைக் குழு, எதிர்பார்த்த மாதிரி, நன்றாகவே குறைந்திருக்கிறது. பொடிக் குழுவில் ஏறக்குறைய ஒன்றுமே முளைக்கவில்லை! தட்டுகள் வெறுமையாக இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துப் பெண், நான் குச்சிகளை மாற்றிக் கொண்டுவந்துவிட்டேனோ என்று இரண்டு முறை கேட்டாள்.

துறைத் தலைவர் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கடைசித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "ஜூன் மாநாட்டுல இத நீயே வாசிச்சிடு" என்றார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

பொடிக் குழுவில் சிலருக்கு அண்ணம் மட்டும் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. பூஞ்சை போனாலும் தோல் ஆற நாளாகும், அதனால் இருக்கும். உன் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. அன்று சாப்பாட்டுக் கூடத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியவள் இன்று அதே வாயால் சொல்கிறேன், உன் இல்லத்துப் பல்செட்டுகள் மாதிரி சுத்தமானவற்றை நான் பார்த்ததில்லை. இதை நிர்வாகியிடம் தாராளமாகக் காட்டு.

உன் வாயாடி

ஏப்ரல் 10

அன்புள்ள தங்கைக்கு,

சந்தோஷம். ஆனாலும் பொடியைப் பற்றி இப்போதே பெரிதாகப் பேச வேண்டாமே. ஒரு முறை பார்த்ததை வைத்து எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை, வேறெங்காவது செய்து பார்த்துவிட்டு மாநாட்டுக்குப் போனால் என்ன?

உன் கடிதத்தை நிர்வாகி பார்த்துவிட்டார். நான் காட்டவில்லை, மேசை மேல் கிடந்தது. முகமெல்லாம் பல்லாக வந்து, "இனிமே எல்லாருக்கும் பொடிதான்" என்று உத்தரவு போட்டுவிட்டார். மாத்திரைக் குழுவில் இருந்தவர்களுக்கும் பொடி. கணக்கு டீச்சர் மட்டும், "எனக்கு மாத்திரை நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றார். "என் தங்கச்சி ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்வது? "அப்ப சரி" என்று வாங்கிக்கொண்டார்.

எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இங்கே கீழ் அறையில் தங்கியிருக்கும் தையல்காரம்மாவின் கம்பி வைத்த பல்செட்டில் ஒரு கொக்கி உடைந்துவிட்டது. பார்சலில் அனுப்புகிறேன், சரிசெய்து அனுப்பு.

அக்கா

மே 2

அக்கா,

பார்சல் வந்தது. கொக்கியைச் சரிசெய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபப்படாமல் பதில் சொல்.

கம்பி கறுத்திருக்கிறது. ஈறு நிறத்தில் இருக்க வேண்டிய பகுதி திட்டுத் திட்டாக வெளுத்திருக்கிறது. மாத்திரையாலோ பொடியாலோ இப்படி ஆகாது. பொடி வேண்டுமானால் மஞ்சளாகக் கறை பிடிக்கவைக்கும், வெளுக்கவைக்காது. துணி வெளுக்கிற திரவத்தைக் கெட்டியாகக் கலந்து அதில் ஊறப்போட்டால்தான் இப்படி ஆகும். தையல்காரம்மா பொடிக் குழுவில் இருந்தவர்.

இதற்கு உனக்கு ஏதாவது காரணம் தெரியுமா?

தங்கை

மே 9

தங்கைக்கு,

எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஒவ்வொருவர் பின்னாலும் நின்றுகொண்டா இருக்கிறேன்? தையல்காரம்மாவே புடவைக் கறைக்கென்று ஏதாவது வாங்கி வைத்திருப்பார். அதில் போட்டுத் தொலைத்திருப்பார். வயதானால் அப்படித்தான், எது எதற்கு என்று தெரியாது.

உன் கடிதம் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. உனக்காக எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்து வாயைத் திறக்கவைத்தேனே, அதற்கு இதுதான் மரியாதையா? நிர்வாகி முன்னால் ஒரு முறை என் முகத்தில் கரி பூசினாய். மறுபடியும் கரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாயா?

மாநாடு வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். நீ கேட்கவில்லை.

அக்கா

மே 15

அன்புள்ள அக்கா,

சரி, நம்புகிறேன். தையல்காரம்மாவின் கணக்கை மட்டும் எடுத்துவிட்டேன். எடுத்தும் முடிவு அப்படியே நிற்கிறது. மாநாடு ஜூன் முதல் வாரம். நல்லபடியாக நடக்கும் என்று ஒரு வார்த்தை எழுது.

தங்கை

ஜூன் 11

தங்கச்சி,

மாநாடு நன்றாக நடந்தது, துறைத் தலைவரே எழுந்து நின்று கைதட்டினார் என்று செய்தி அனுப்பியிருந்தாய். அதைப் படித்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன்.

கணக்கு டீச்சரைச் சேர்த்திருக்கிறோம். சில நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லையோ, வீம்போ என்று நினைத்து இரண்டு முறை சத்தம்கூடப் போட்டேன். பிறகு தண்ணீரே விழுங்க முடியவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் நாக்கு, அண்ணம், தொண்டை வரை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சர்க்கரை ஏற்கெனவே உண்டு. நடுவில் சளிக்கென்று கொடுத்த மருந்து ஒரு பக்கம். பல்செட்டிலிருந்த பூஞ்சை இன்னொரு பக்கம். மூன்றும் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். "பல்செட்ட எதுல ஊறவெக்கிறீங்க?" என்று கேட்டார். கூட வந்திருந்த எங்கள் இல்லத்து நர்ஸ்தான் பொடி என்று சொன்னாள்.

நான்தான் செய்தேன். தையல்காரம்மா இல்லை.

நீ இரண்டாம் முறை வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பொடிக் குழுவின் பல்செட்டுகளை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள் பூத்து, கிராம்பு வாடையோடு இன்னொரு வாடையும் அடித்தது. மறுநாள் நீ வந்து அதைத் தூக்கிப் பார்ப்பாய், கூடவே நிர்வாகி நிற்பார், மறுபடியும் அதே கூடத்தில் அதே பேச்சு. என்னால் தாங்க முடியாது. துவைக்கிற அறையிலிருந்து வாளியும் வெளுப்புத் திரவமும் எடுத்துவந்தேன். "இன்னிக்கு எல்லாருக்கும் சூப்தான், பல்லக் குடுங்க" என்று அவர்களிடம் மட்டும் கையை நீட்டி வாங்கினேன். ஊறப்போட்டு, நன்றாக அலசி, காலையில் அவரவர் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். விருந்தாளி வருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்குகிறோமே, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஆராய்ச்சியைக் கெடுக்கிறோம் என்பது சத்தியமாகத் தோன்றவில்லை. உன் 'என் தங்கமே' கடிதத்தைப் படித்தபோதுதான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'சுத்தமானவற்றை நான் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடிதம் மேசை மேல் கிடந்தது என்றேனே, பொய். நான்தான் நிர்வாகியிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நீ நேராகக் கேட்டபோதும், வாயில்லாத அந்தத் தையல்காரம்மாவின் தலையில் கட்டினேன். இப்போது அவர் எதிரில் வந்தால் நான் வேறு பக்கம் போய்விடுகிறேன்.

இன்னும் சொல்லி முடிக்கவில்லை. நேற்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பல் இல்லாமல், குரலும் இல்லாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான்தாம்மா சரியாத் தேய்க்கல போலருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் கேட்ட பொடி எனக்கு மட்டும் கேக்கலயே. உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, அசிங்கமா இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் என்ன ஜென்மம், சொல்லு.

அக்கா

ஜூன் 15

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன்மேல் வந்த கோபத்தில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன் என்று சொல்கிறேன்.

அன்று பஞ்சுக்குச்சியால் துடைக்கும்போதே எனக்கு வாடை வந்தது. நீச்சல் குளத்தில் வருமே, அந்த வாடை. தரை கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தரையை முகர்ந்து பார்க்கவில்லை, பல்செட்டைத்தான் முகர்ந்தேன். அண்ணம் சிவப்பாக இருக்கும்போது தட்டு வெறுமையாக இருப்பது பொருந்தாது என்று முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும். தோல் ஆறவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கறுத்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டேன். நீ மறுத்ததும், நம்புகிறேன் என்று ஒரே வரியில் முடித்தேன். அது உன்மேல் இருந்த நம்பிக்கையால் இல்லை அக்கா. மேற்கொண்டு கேட்டால் மாநாடு போய்விடும் என்ற பயம். தையல்காரம்மாவிடம் ஒரு போன் பேசியிருந்தால் வாளிக் கதை ஒரு நிமிஷத்தில் வெளியே வந்திருக்கும். அதனால்தான் பேசவில்லை.

உன்னைக் கூடத்தில் வைத்துக் கேவலப்படுத்தினேன். அந்த அவமானத்தில் நீ வாளியைத் தூக்கினாய். என்னைத் துறையில் வைத்துச் சிரித்தார்கள். அந்த அவமானத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நம் இரண்டு பேர் மானத்தையும் காப்பாற்ற டீச்சர் விழுங்க முடியாமல் படுத்திருக்கிறார். இதை எழுதவே கூசுகிறது.

துறைத் தலைவரிடம் இன்று சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், மாநாட்டுக்காரர்களுக்கும் எழுதியாயிற்று. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கதவச் சாத்திட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பொடி நல்லதா, ஒன்றுக்கும் உதவாததா என்று இப்போது எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக் கிடைத்த வாய்ப்பையும் கெடுத்துக்கொண்டோம். எல்லோருக்கும் உடனே மாத்திரையைக் கொடு. நிர்வாகிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், உன்மேல் மட்டும் பழி விழாதபடி.

டீச்சரிடம் சொல்லு அக்கா. தலையை ஆட்டியதை நினைத்து அழுதுகொண்டிருக்காதே, போய்ச் சொல்லு. என் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடாதே. அதைச் சொல்ல நான் வருகிறேன்.

தங்கை

ஜூன் 20

தங்கச்சி,

சொல்லிவிட்டேன்.

முதலில் தையல்காரம்மாவிடம் போனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. "என் பேரச் சொன்னீங்களா? அதான் கொஞ்ச நாளா என் மூஞ்சியப் பாக்கல" என்றார். நூலைக் கோத்து முடித்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார். நானும் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நிர்வாகி, மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வேலை இருக்குமோ இருக்காதோ, அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

டீச்சருக்கு இப்போது பரவாயில்லை. மருந்து பிடித்திருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சூப் இறங்குகிறது. புண் ஆறும்வரை பல்செட் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் யார் வந்தாலும் துண்டால் வாயை மூடிக்கொள்கிறார். நான் போனபோதும் மூடிக்கொண்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. வாளி, திரவம், சூப் என்று பொய் சொல்லிப் பல்லை வாங்கியது, உன் கடிதத்தை நானே நிர்வாகியிடம் காட்டியது, மாத்திரையே போதும் என்ற அவரைப் பேசிப் பொடிக்கு மாற்றியது, எல்லாம். பூசி மெழுகலாம் என்று நடுவில் இரண்டு இடத்தில் நாக்கு போயிற்று. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "உங்க தப்பு இதுல ஒண்ணுமே இல்ல டீச்சர். முழுக்க எங்க தப்பு" என்று முடித்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். போ வெளியே என்பார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மெல்ல எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டார். பிறகு வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

"அப்ப நான் நல்லாத்தான் தேய்ச்சேனா?"

"நல்லாத்தான் தேய்ச்சீங்க டீச்சர்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அழுதார். துண்டை எடுத்துக் கொடுக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நீ எப்போது வருகிறாய்?

அக்கா